மார்பகப் புற்றுநோய்: பட்டதை ஊரறியச் சொல்லலாமா?

பொருநைக்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாப்பாக்குடி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். என்னுடைய 46-ஆம் வயதில் இடது மார்பில் புற்றுநோய் என்று தெரியவந்து, அறுவைச் சிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது நோய் திரும்பாமலிருக்க நாள்தோறும் ஒரு டமாக்சிபென் மாத்திரையோடு வழக்கம்போல் வகுப்புக்குப் போய் வருகிறேன். சிகிச்சைக் காலத்தில் நெருங்கிய உறவினர் தவிர வேறு யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. முடி கொட்டிய தலையைப் பார்த்து, "திருச்செந்தூர்ல மொட்டை போட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தேன். நம் ஊரில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

எங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர் அண்மையில் வீட்டுக்கு வந்து, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டம் ஒன்றில் என் அனுபவத்தைப் பேச முடியுமா என்று கேட்டார். நோயைப் பற்றிய விளக்கத்தைத் தாமே சொல்லிக்கொள்வதாகவும், அதைப் பட்டு எழுந்த ஒருவர் எதிரே நின்று பேசினால்தான் பெண்கள் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்றும் சொன்னார். எனக்குப் பேச விருப்பம் உண்டு. என் மாமியாருக்கும் மூத்த மைனிக்கும் அதில் சம்மதம் இல்லை. "நாளைக்குப் பிள்ளைய ஒரு இடத்துல கட்டிக் குடுக்கணும்லா, இதப் போயி ஊரக் கூட்டிச் சொல்லுவாங்களா?" என்பது மாமியாரின் கேள்வி. அதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வடிகுழாய்ப் பையில் சேர்ந்த நீரை அளந்து குறித்துவைத்துக் கொட்டியவரும், வாய்க்கு எதுவுமே பிடிக்காத நாட்களில் கஞ்சியைக் கரைத்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

இந்த நோயைக் கடந்தவர்களும், வீட்டில் ஒருவருக்கு வந்ததைக் கூடவே இருந்து பார்த்தவர்களும் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேசுவதாக இருந்தால் எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம்?

முக்கூடல் மகள்

அக்கா, நீங்கள் கட்டாயம் பேச வேண்டும். காரணத்தை என் அம்மையை வைத்தே சொல்கிறேன்.

அம்மை பீடி சுற்றுபவர். குளிக்கும்போது வலது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அப்போது சித்திக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் சொல்லவில்லை. "வலிக்கலலா, பின்ன எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று பிற்பாடு எங்களிடம் கேட்டார். கட்டிக்கு மேலிருந்த தோல் உள்ளிழுத்துக்கொண்டு, அக்குளிலும் ஒன்று உருளத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பின்னர் மார்பை முழுவதுமாகவும், அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள்.

அறுவைச் சிகிச்சை நடந்த பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது, இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்று மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் பீடி சுற்றும் பெண்ணின் வலது கை காலை முதல் இரவு வரை என்ன செய்கிறது என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. மடியில் சொளவை (முறத்தை) வைத்து, ஊறிய இலையின் மேல் அளவுத் தகட்டை அழுத்திப் பிடித்து, கத்தரியால் வெட்டிக்கொண்டே இருக்கும் கை அது. சில மாதங்களில் புறங்கை வீங்கி வளையல் இறுகியது. ஒரு நாள் கத்தரி முனை விரலில் பட்ட சிறு வெட்டுக்கு மஞ்சளை வைத்துக் கட்டியிருக்கிறார். மறுநாள் முழங்கை வரை சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. கணுக்களை எடுத்த கையில் நிணநீர் சரியாக வடியாததால் சின்னக் காயம்கூடச் சீழ்பிடித்துப் பரவும் என்பதை அன்றைக்குத்தான் விளக்கினார்கள்.

இப்போது பக்கத்து வீட்டு மைனி இலை வெட்டிக் கொடுக்கிறார். அம்மை தூள் வைத்துச் சுருட்டி நூல் சுற்றுவதை மட்டும் செய்கிறார். கைக்கு இறுக்கமான உறை அணிகிறார், இடையிடையே சொளவை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் விரல்களை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சியையும் விடாமல் செய்கிறார். இதே வேலையைச் செய்துகொண்டு இதே நோயையும் பட்ட ஒரு பெண் முன்கூட்டியே வந்து சொல்லியிருந்தால் அந்தக் காய்ச்சல் வந்திருக்காது. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர் இல்லாமல் இருந்திருக்க முடியாது. சொல்லத்தான் யாரும் இல்லை.

வள்ளியூர் தகப்பன்

மாற்றுக் கருத்து ஒன்றை வைப்பதற்கு மன்னிக்க வேண்டும். என் மனைவிக்கு இந்த நோய் வந்தபோது நாங்கள் எதையும் மறைக்கவில்லை. கோயில் கொடை விழாவில் பார்த்தவர்கள் கேட்டபோதும் உள்ளதைச் சொன்னோம். பிறகு என் மூத்த மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். சாதகம் பொருந்தி, பூ வைக்க நாள் குறிக்கும் நிலைக்கு வந்த ஓர் இடம், "பொண்ணோட அம்மைக்கு அந்த நோயாமே" என்ற ஒரே சொல்லில் நின்றுபோயிற்று. என் மகள் அன்று அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மையோடு சேர்ந்து எந்த விசேஷ வீட்டுக்கும் போக மறுத்துவிட்டாள். அதைக் கண்ட என் மனைவி, கீமோ நாட்களில்கூட அழாதவள், அழுதாள்.

துணிச்சலாகப் பேசுங்கள் என்று சொல்வது எளிது. அந்தத் துணிச்சலுக்கான விலையைப் பேசியவர் மட்டும் கொடுப்பதில்லை. ஆசிரியை அம்மாவின் மாமியார் சொல்வதில் இருக்கும் கவலையை யாரும் பழமைவாதம் என்று ஒதுக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற செவிலி

அண்ணாச்சி, உங்கள் மகளுக்கு நேர்ந்தது அநீதி. அதை அநீதி என்று சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பக்கம் உள்ள மருத்துவமனைகளில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் உண்டாவது ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. அம்மாவுக்கு வந்ததால் மகளுக்கு வந்தே தீரும் என்று பெண் பார்க்க வருகிறவர்கள் நினைப்பது தவறு. அதே வேளையில், தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இளம் வயதில் வந்திருந்தாலோ, இரண்டு மார்புகளிலும் வந்திருந்தாலோ, குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோயும் இருந்தாலோ, மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. தாய்க்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 ஆண்டுகள் முன்பிருந்தே மகள் பரிசோதனையைத் தொடங்குவது நன்று என்று மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துவார்கள். ஊருக்குத் தெரியாமல் மறைக்கும் வீடுகளில் பல நேரம் மகளுக்கும் முழு விவரம் போய்ச் சேருவதில்லை. "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்களுக்கு ஒரு கட்டி வந்து நிற்கும்போது, அம்மாவுக்கு என்ன வந்தது என்ற கேள்விக்குத் தவறான பதிலை எழுதிக் கொடுத்தார்கள்.

முக்கூடல் மகளின் அம்மையைப் போல் "வலிக்கவில்லை" என்று சொல்லிக் காத்திருந்தவர்களே நான் பார்த்தவர்களில் அதிகம். தொடக்கத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டிகள் எல்லாம் புற்றுநோயும் அல்ல, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. எது எது என்பதைக் கையால் தடவிப் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், அதன் பிறகு ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி ஆகியவற்றால்தான் தெரியும். உலக அளவிலான மதிப்பீட்டின்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர். இவ்வளவு பேர் இறப்பதற்கு முதன்மையான காரணம் தாமதமாக வருவதே.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும் என்பதும் இல்லை. மும்பையில் ஒன்றரை இலட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே இந்த நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். பரிசோதனை இருக்கிறது, பெண்கள் வருவதுதான் குறைவு. சுவரொட்டியைப் பார்த்து வந்த பெண்கள் எனக்கு நினைவில்லை. "பக்கத்து வீட்டு அக்காளுக்கு வந்துச்சாம், அவுங்கதான் போயிப் பாருன்னாங்க" என்று சொல்லி வந்தவர்களை நிறையவே நினைவிருக்கிறது.

மேலப்பாளையம் தையல்

சகோதரிக்கு என் அன்பு. எனக்கும் ஒரு பக்கம் எடுத்திருக்கிறார்கள். இங்கே பேசப்படாத ஒன்றைப் பெண்கள் கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மார்பை எடுத்த பிறகு இரவிக்கை ஒரு பக்கம் மேலேறிக்கொண்டே இருக்கும். பளுவும் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் நாளடைவில் தோள் சாய்ந்து முதுகு வலிக்கும். கடையில் விற்கும் சிலிக்கான் மார்பு விலை அதிகம், நம் வெயிலுக்கு வியர்த்தும் போகும். நான் எனக்காக உள்பாடியின் உட்புறத்தில் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தைத்து, அதற்குள் தினை நிரப்பிய சிறு மூட்டையை வைத்துக்கொண்டேன். வெறும் பஞ்சு வைத்தால் உருவம் வருமே தவிர எடை வராது, எடை வந்தால்தான் துணி கீழே நிற்கும். துவைக்கும்போது மூட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை தானியத்தை மாற்றிவிடவும் வேண்டும். தழும்பு நன்றாக ஆறிய பிறகு, மருத்துவர் சரி என்று சொன்ன பின்னரே அணிய வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவில் துப்பட்டி போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியாக என்னிடம் வந்தவர்கள் பலர். முன்வாசல் வழியாக யாரும் வரவில்லை. இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே ஒருவருக்கொருவர் தெரியாது.

ஒன்று கேட்கலாமா? உங்கள் மகளின் எதிர்காலத்தைப் பற்றி மாமியார் சொன்னார், மைனி சொன்னார், இங்கே எல்லோரும் சொல்கிறோம். உங்கள் மகளிடம் கேட்டீர்களா?

தென்காசித் தங்கை

பேச வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. எப்படிப் பேசக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

என் அக்காளும் சிகிச்சை முடித்தவுடன் கூட்டங்களில் பேசினாள். "புற்றுநோயை வென்ற பெண்மணி" என்று பொன்னாடை போர்த்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து இடுப்பு வலி என்று போய்ப் பார்த்தபோது நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அதன் பிறகு அவளைப் பேச யாரும் கூப்பிடவில்லை. அவள் மாத்திரைகளோடும் எலும்புக்குப் போடும் ஊசியோடும் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தாள். தோசை சுட்டாள், குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நனையப் போனாள், மகனின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விடிகாலையில் எழுப்பிவிட்டாள். அந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்க எந்த மேடையும் இல்லை. "மன உறுதி இருந்தா எதையும் ஜெயிக்கலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, "எனக்குத் தைரியம் பத்தலியாட்டி?" என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவள் ஆளாகியிருக்கக் கூடாது.

ஆகவே உங்கள் பேச்சில் வெற்றி, தோல்வி என்ற சொற்கள் வேண்டாம். உங்களுக்கு வந்தது எந்த வகை, எந்த நிலையில் தெரிந்தது என்பதைச் சொல்லுங்கள். ஹார்மோன் ஏற்பிகள் உள்ள வகைக்கு, அதாவது ஹார்மோனால் வளரும் வகைக்கு, டமாக்சிபென் போன்ற மாத்திரை உண்டு, ஹெர்-2 என்னும் புரதம் மிகுதியாக உள்ள வகைக்கு அதற்கென்று ஊசி உண்டு, இவை எதுவும் இல்லாத வகைக்கு வேறு வழி. கேட்டுக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி, டீச்சருக்கு மாத்திரை கொடுத்தார்களே, எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கலங்கிவிடக் கூடாது. நோய் திரும்பி வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை வைத்திருங்கள்: பரவிய பிறகும் மருத்துவம் உண்டு, வலியைத் தணிக்க மார்ஃபின் என்ற மருந்து மாத்திரையாக உண்டு, வலியைப் பொறுத்துக்கொள்வது யாருடைய கடமையும் இல்லை.

சங்கரன்கோவில் வாசகர்

வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. 1974-இல் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு மார்பு அகற்றப்பட்டதை மறைக்காமல் வெளியிட்டார். மார்பு என்ற சொல்லையே செய்திகளில் தயங்கிப் பயன்படுத்திய காலம் அது. அதைக் கேட்டுப் பெண்கள் பெருந்திரளாகப் பரிசோதனைக்குப் போனார்கள். துணை அதிபர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த நெல்சன் ராக்ஃபெல்லரின் மனைவிக்கும் அடுத்த சில வாரங்களிலேயே நோய் தெரியவந்தது. நம் நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைத் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அதிலிருந்து வந்ததுதான்.

வள்ளியூர் தகப்பன்

அதிபரின் மனைவிக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கும் உள்ள பாதுகாப்பு ஒன்றல்ல என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் மேலப்பாளையம் சகோதரி கேட்ட கேள்வி என்னை யோசிக்க வைத்தது. நாங்களும் எங்கள் மகளிடம் கேட்கவில்லை. செவிலி அம்மா சொன்ன வயதுக் கணக்கை இன்று இரவு அவளிடம் சொல்லப் போகிறேன். அவளுக்கு அது தெரியாது.

பொருநைக்கரை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. நேற்று மகளிடம் பேசினேன். வரன் விஷயத்தை நான் எடுத்ததும், "உங்களுக்கு எந்த வயசுல வந்துச்சுங்கறது எனக்குத் தேவையான விவரம்லா அம்மா, அத மறைச்சுத்தான் ஒரு கல்யாணம் நடக்கணுமா?" என்று கேட்டாள். அதோடு இரண்டு நிபந்தனைகளும் வைத்தாள். அவளுடைய பெயரையோ கல்லூரியையோ நான் சொல்லக் கூடாது, யாரும் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. இரண்டும் நியாயமானவை. செவிலியரிடம் தெரிவித்துவிட்டேன். மாமியாருக்கு இன்னும் சம்மதம் இல்லை. அவருக்குத் தெரியாமல் போகவும் எனக்கு விருப்பமில்லை. எந்த நாள், எந்த இடம், என்ன பேசப் போகிறேன் என்பதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். பதில் வரவில்லை.

பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். வலியில்லாத கட்டியில் தொடங்குவேன். கீமோவில் சிவப்பு மருந்து ஏறிய பிறகு சிறுநீர் சிவந்து போகும், அது இரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம் என்பதைச் சொல்வேன். நான் அன்று இரவு முழுவதும் பயந்து கிடந்தேன். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்வேன். பணத்தைப் பற்றி நிச்சயம் பேச வேண்டும், ஏனென்றால் பல பெண்கள் நோயை மறைப்பதே வீட்டைக் கடனாளியாக்கிவிடுவோமோ என்ற அச்சத்தில்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. சென்னைக்குப் போக வேண்டியிருந்தால், மருத்துவமனையில் அதற்கான படிவத்தை வாங்கிக் காட்டினால் இரயிலில் படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு சலுகை. எனக்கு இதைச் சொன்னது நெல்லை எக்ஸ்பிரஸில் எதிர் இருக்கையில் இருந்த ஒரு நோயாளியின் கணவர்.

என் தழும்பைப் பற்றியும், என் கணவரோடு உள்ள வாழ்க்கையைப் பற்றியும் பொதுக் கூட்டத்தில் பேசப் போவதில்லை. தனியாக வந்து கேட்கும் பெண்ணிடம் பேசுவேன். முக்கூடல் மகளிடம் ஒரு வேண்டுகோள். பீடி சுற்றும் கையைப் பற்றி நான் சொன்னால் அது கேள்விப்பட்ட செய்தியாகத்தான் இருக்கும். உங்கள் அம்மையால் வர முடியுமா?

ஓய்வுபெற்ற செவிலி

ஆண்களையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோயில் ஒரு சதவீதம் வரை ஆண்களுக்கும் வருகிறது, அவர்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள். கட்டி என்று மனைவி சொன்னவுடன் வேலைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்.

முக்கூடல் மகள்

அம்மையிடம் கேட்டேன் அக்கா. மேடையில் ஏறிப் பேச வராது, பெஞ்சில் உட்கார்ந்தபடி கையைக் காட்டிச் சொல்கிறேன் என்றார். சொளவும் கத்தரியும் கொண்டுவந்து, எந்த வேலையை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும் என்பதைச் செய்தே காட்டுவாராம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். மாலையில் பீடிக் கடையில் சரக்குக் கொடுக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்க முடியுமா என்று செவிலியரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.